ரிப்பேருக்குப் பிறகும் தீராத பிரச்சினை: கார் டீலரிடம் புகாரைத் தீர்த்துக்கொள்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் டீலரின் சர்வீஸ் சென்டரில் பல வருடம் சர்வீஸ் அட்வைசராக, அதாவது வண்டியை எடுத்துப் புகாரைக் குறித்துக்கொள்பவராக, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். வேலையை விட்ட பிறகும் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று போன் வந்துகொண்டே இருக்கிறது. "ரிப்பேர் பண்ணிக் கொடுத்தாங்க, சரியாகல, இப்ப என்ன செய்றது?" என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. நியாயம் தன் பக்கம் இருந்தும் கையில் ஒரு காகிதம் இல்லாததால் திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது மனதை உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் இதைத் தொகுத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

வண்டியை எடுத்துட்டு வந்த அன்னைக்கே பழைய சத்தம் திரும்ப வருது. முதல்ல என்ன செய்யணும்?

முதலில் ஓடோமீட்டரை ஒரு போட்டோ எடுங்கள். சர்வீஸ் சென்டரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் ஓடியபோது பிரச்சினை வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. அப்புறம் சத்தத்தை வீடியோவில் பதிவு செய்யுங்கள். போனை வேறு யாராவது பிடிக்கட்டும், ஓட்டுபவர் பிடிக்க வேண்டாம். எந்த வேகம், பிரேக் பிடிக்கும்போதா, திருப்பும்போதா, வண்டி குளிர்ந்திருந்ததா சூடாக இருந்ததா என்று இரண்டு வரி குறித்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே சர்வீஸ் அட்வைசருக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள். போனில் பேசினாலும், பேசி முடித்ததும் "இப்போது பேசியபடி, 38 கிலோமீட்டர் ஓடியதும் அதே சத்தம் வந்தது" என்று எழுதி அனுப்பிவிடுங்கள். பத்து நாள் கழித்துச் சொன்னால், "அந்தப் பத்து நாளில் எந்தப் பள்ளத்தில் விட்டீங்களோ" என்ற பேச்சுக்கு இடம் கொடுத்தது போலாகிவிடும். அவர்கள் பார்க்கும் முன் வேறு மெக்கானிக்கிடம் கழற்றவும் விடாதீர்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

எது உடனே நிறுத்த வேண்டிய பிரச்சினை, எது பொறுத்துப் பார்க்கலாம்?

டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். ஆயில் பிரஷர், என்ஜின் சூடு, பிரேக் மூன்றுக்கும் இது பொருந்தும். மஞ்சள் என்றால் நிதானமாக ஓட்டிப் போய்க் காட்டலாம். ஒரு விதிவிலக்கு, விட்டுவிட்டு மின்னும் செக் என்ஜின் விளக்கு. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிரேக் ரிப்பேருக்குப் பிறகு பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் ஆயில் லைனில் காற்று இருக்கலாம். அந்த வண்டியை ஓட்டாதீர்கள், அவர்களையே வந்து எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

சில விஷயங்கள் பழுதே இல்லை. ஆயில் மாற்றும்போது புகைக்குழாயில் சிந்திய எண்ணெய் கொஞ்ச தூரம் தீய்ந்த வாடை அடிக்கும். புதுப் பிரேக் பேட் டிஸ்க்கோடு பழக முதல் சில நூறு கிலோமீட்டர் ஆகும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கடிகாரம் தவறாகக் காட்டும், சில வண்டிகளில் கண்ணாடி தானாக ஏறாது. சக்கரம் கழற்றிய வேலை என்றால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து ஒருமுறை சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் காசு வாங்காமல் பார்த்துத் தருவார்கள்.

ஜாப் கார்டுல என்ன எழுதணும்? அவங்களே எழுதிடுவாங்கல்ல?

ஜாப் கார்டு என்பது வண்டியை விடும்போது உங்கள் புகாரை எழுதிக் கையெழுத்து வாங்கும் தாள். அவர்கள் எழுதுவார்கள், அவசரத்தில் எழுதுவார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். காலையில் வரிசையாக வண்டி நிற்கும்போது நீங்கள் சொல்லும் ஐந்து வரி, "முன்பக்கச் சத்தம், செக் செய்யவும்" என்று சுருங்கிவிடும். உள்ளே வேலை செய்யும் டெக்னீஷியன் உங்களைப் பார்ப்பதே இல்லை. அவருக்குத் தெரிவதெல்லாம் அந்தக் காகிதம் மட்டும்தான்.

அதனால் கையெழுத்துப் போடும் முன் வாசியுங்கள். நீங்கள் உணர்ந்த அறிகுறியை எழுதச் சொல்லுங்கள், பார்ட் பெயரை எழுத வேண்டாம். "ஷாக் அப்சார்பர் மாற்றவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அவர்கள் மாற்றிவிடுவார்கள். சத்தம் போகாவிட்டாலும் நீங்கள் கேட்ட வேலை முடிந்ததாகத்தான் கணக்கு. மாறாக, "காலையில் முதல் ஸ்டார்ட், 20 கிலோமீட்டர் வேகத்தில் வேகத்தடை இறங்கும்போது முன் இடது சக்கரத்தில் 'டொக்' சத்தம், பத்து நிமிடம் ஓட்டிய பின் இல்லை" என்று இருந்தால், அந்தச் சத்தத்தை நிறுத்துவதுதான் வேலை. அது நிற்கும்வரை வேலை முடியவில்லை.

இரண்டாம் முறை போகும்போது "முந்தைய ஜாப் கார்டில் சொன்ன அதே புகார், தீரவில்லை" என்ற சொற்களும் முந்தைய பில் எண்ணும் கண்டிப்பாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கம்ப்யூட்டரில் அது புதுப் புகாராக ஏறி, புது பில்லாக வந்து நிற்கும்.

யார்கிட்ட பேசினா வேலை நடக்கும்?

முதலில் உங்கள் வண்டியை எடுத்த அட்வைசர். அவரிடம் முடியவில்லையா, சர்வீஸ் மேனேஜர். அதற்கும் மேலே டீலர்ஷிப்பின் பொது மேலாளரோ உரிமையாளரோ இருப்பார். இந்தப் படிகளைத் தாண்டிய பிறகுதான் கார் தயாரித்த கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை. டீலர்ஷிப் பெரும்பாலும் தனி முதலாளியின் தனி வியாபாரம், கம்பெனியின் கிளை இல்லை. நேராகக் கம்பெனிக்கு எழுதினால் அவர்கள் முதலில் டீலரிடம்தான் விளக்கம் கேட்பார்கள்.

காலையில் சர்வீஸுக்கு வண்டி எடுக்கும் நேரத்திலும் மாலை டெலிவரி நேரத்திலும் போகாதீர்கள். மதியத்துக்குப் பிறகு, முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டு போனால் மேனேஜர் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்பார். வரவேற்பறையில் கத்துகிறவரை எப்படியாவது அனுப்பிவைக்கத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். தேதிவாரியாகக் காகிதத்தை எடுத்து வைப்பவரை அப்படி அனுப்பிவிட முடியாது.

"ஓட்டிப் பார்த்தோம், எங்களுக்கு அந்தச் சத்தமே வரலை"ன்னு சொல்லி அனுப்பிடுறாங்க. நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறாங்களா?

பெரும்பாலும் அப்படி நினைப்பதில்லை. அவர்கள் ஓட்டும்போது அது உண்மையிலேயே வந்திருக்காது. ஒரு அம்மா நான்கு தடவை வந்தார். வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுத்து முன்னால் நகர்ந்து பிரேக் தொட்டதும் 'க்ளிக்' என்று ஒரு சத்தம், அதுவும் காலையில் மட்டும். எங்கள் ஆள் ஒவ்வொரு முறையும் மதியம் வெயிலில் மெயின் ரோட்டில் நேராக ஓட்டிவிட்டு "சத்தம் இல்லை" என்று எழுதினார். ஐந்தாம் முறை, வண்டியை இரவு இங்கேயே விட்டுவிட்டுக் காலையில் வாருங்கள் என்றேன். மறுநாள் அவரே ஸ்டியரிங் பிடித்தார், டெக்னீஷியன் வெளியே சக்கரத்தருகில் குனிந்து நின்றார். ரிவர்ஸ், முன்னால், பிரேக், க்ளிக். சக்கரத்தைக் கழற்றினால், பிரேக் பேட் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் மெல்லிய தகட்டுக் கிளிப் ஒன்று இல்லவே இல்லை. முந்தைய பிரேக் வேலையில் அதை மாட்டாமலே விட்டிருந்தோம். நான்கு நடை அலைந்த அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆகவே, "சேர்ந்து ஓட்டிப் பார்க்கலாம்" என்று கேளுங்கள். நீங்கள் ஓட்டுங்கள், டெக்னீஷியன் பக்கத்தில் உட்காரட்டும். அட்வைசர் உட்கார்ந்தால் போதாது. குளிர்ந்த வண்டியில் மட்டும் வரும் பிரச்சினை என்றால் இரவு அங்கேயே விடுங்கள். சத்தம் வந்த நொடியில் "இதுதான்" என்று சொல்லி, அதை அப்போதே ஜாப் கார்டில் எழுத வையுங்கள். அதன் பிறகும் வரவில்லையா? "ஓட்டிப் பார்த்ததில் வரவில்லை" என்ற குறிப்போடு ஜாப் கார்டை மூடச் சொல்லி ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வெறுமனே திரும்பி வந்தால் நீங்கள் போனதற்கே பதிவு இருக்காது.

செக் என்ஜின் லைட்டை அணைச்சுக் கொடுத்தாங்க. ரெண்டு நாள்ல திரும்ப எரியுது. சும்மா அழிச்சு அனுப்பிட்டாங்களா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பல கோளாறுகளில் வண்டி ஒருமுறை பிழையைக் கண்டதும் விளக்கைப் போடாது. அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் அதே பிழை தெரிந்தால்தான் விளக்கு எரியும். அதனால் வேலையை அரைகுறையாகச் செய்திருந்தாலும், எரர் கோடை (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பிழைக் குறியீட்டை) மட்டும் அழித்திருந்தாலும் இரண்டு நாள் ஆகத்தான் செய்யும்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. எரர் கோடை அழித்தால் வண்டியின் சுயபரிசோதனைகளும் பூஜ்யத்துக்குப் போய்விடும். ஸ்கேனரில் பார்த்தால் 'இன்னும் முடியவில்லை' என்று காட்டும். எரர் கோடை அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் பல வண்டிகள் காட்டும். அதோடு பில்லைப் பாருங்கள். என்ன எரர் கோடு வந்தது, என்ன சோதித்தார்கள், என்ன மாற்றினார்கள் என்ற மூன்றும் இருக்க வேண்டும். மூன்றும் இல்லாமல் "ஸ்கேன் செய்யப்பட்டது" என்று மட்டும் இருந்தால் கேள்வி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பார்ட்டை மாத்தினாங்க, பெரிய தொகை கட்டினேன், பிரச்சினை அப்படியே இருக்கு. பணம் திரும்பக் கிடைக்குமா?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு அதிக போன் வரும். பதில், ஜாப் கார்டில் என்ன எழுதியிருந்தது என்பதில் இருக்கிறது. பார்ட் பெயர் சொல்லி நீங்கள் கேட்டு அவர்கள் மாற்றியிருந்தால் வாதம் பலவீனம். அறிகுறியைச் சொல்லி, காரணத்தை அவர்கள் கண்டுபிடித்து மாற்றியிருந்தால், தவறான கண்டுபிடிப்புக்கு அவர்கள்தான் பொறுப்பு.

எரர் கோடு என்பது பார்ட்டின் பெயர் இல்லை. உதாரணத்துக்கு பி0420. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் செயல்திறன் குறைவாகத் தெரிகிறது என்பதுதான் அதன் பொருள். கன்வெர்ட்டரே கெட்டிருக்கலாம், புகைக்குழாயில் கசிவு இருக்கலாம், பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் தப்பாகச் சொல்லலாம். கசிவையும் சென்சாரையும் சோதிக்காமல் விலையுயர்ந்த கன்வெர்ட்டரை மாற்றிவிட்டு, விளக்கு திரும்ப எரிந்தால் அது யூகத்தில் செய்த வேலை. "மாற்றும் முன் என்ன சோதனை செய்தீர்கள், அளவு என்ன வந்தது?" என்று எழுத்தில் கேளுங்கள். உருப்படியான பதில் இல்லாவிட்டால் பேச்சுவார்த்தை உங்கள் பக்கம் சாயும்.

முழுப் பணமும் திரும்ப வருவது அபூர்வம். உண்மையான பழுதைச் சரிசெய்யும்போது லேபர் சார்ஜ் வாங்காமல் விடுவது, தேவையில்லாமல் மாற்றிய பார்ட்டின் விலையைப் புது பில்லில் கழிப்பது, இவை நடக்கக்கூடியவை. அதையே தெளிவாகக் கேளுங்கள்.

சர்வீஸுக்கு விடும்போது ஏசி நல்லா இருந்துச்சு. இப்ப வேலை செய்யல. "எங்க வேலைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல"ங்கிறாங்க.

"விடும்போது நல்லா இருந்துச்சு" என்பது மட்டும் போதாது. அவர்கள் கை வைத்த இடத்துக்கும் கெட்டுப்போன பொருளுக்கும் ஒரு தொடர்பைக் காட்ட வேண்டும். "அந்த வேலைக்காக எதையெல்லாம் கழற்றினீர்கள்?" என்று கேளுங்கள். முன் பம்பரைக் கழற்றினார்கள் என்றால், வெளிக்காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சார் பல வண்டிகளில் அங்கேதான் இருக்கும். அதன் ஒயரை மாட்ட மறந்தால் வெளியே உறைபனி என்று நினைத்துக்கொண்டு ஏசி கம்ப்ரஸர் ஓடாது. வீல் அலைன்மென்ட் செய்த பிறகு நேர் ரோட்டில் ஸ்டியரிங் கோணலாக நின்றால் அதற்குத் தொடர்பு தேடவே வேண்டாம், நேரடியாக அந்த வேலையின் குறைதான். முன்னும் பின்னுமான அளவுத் தாளைக் கேளுங்கள்.

தற்செயலும் உண்டு. ஆயில் மாற்றின மறுநாள் பழைய ஸ்டார்ட்டர் மோட்டார் உயிரை விட்டால் அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. நியாயமான புகாரோடு இதையும் சேர்த்துக் கட்டினால் நியாயமானதும் வலுவிழந்துபோகும்.

கீறல், டென்ட், உள்ளே வைத்த பொருள் காணோம்?

வண்டி கேட்டைத் தாண்டும் முன் சொன்னால் பெரும்பாலும் தீரும், தாண்டிவிட்டால் கஷ்டம். விடும்போது நான்கு பக்கமும் ஒரு வீடியோ, எடுக்கும்போது ஒரு சுற்று. ஈரமான வண்டியில் கீறல் தெரியாது. கழுவிய உடனே கொடுத்தால் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

சொன்ன எஸ்டிமேட்டைவிட பில் அதிகமா வந்திருக்கு. ரெண்டு மணி நேரத்துல முடிச்சுட்டு மூணு மணி நேர லேபர் போட்டிருக்காங்க.

இவை இரண்டு தனி விஷயங்கள். லேபர் நேரம் பல இடங்களில் கடிகாரம் பார்த்துப் போடுவதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி என்று நிர்ணயித்த பட்டியல் இருக்கும். கைதேர்ந்தவர் சீக்கிரம் முடித்தாலும் அதே தொகைதான், ஐந்து மணி நேரம் திணறினாலும் அதே தொகைதான். அந்தப் பட்டியலைக் காட்டச் சொல்லலாம்.

எஸ்டிமேட்டைத் தாண்டியதற்கு உங்கள் சம்மதம் எங்கே என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டியது. "போன் பண்ணினோம், சரின்னீங்க" என்பார்கள். எந்த நாள், எந்த நேரம், எவ்வளவு சொன்னீர்கள் என்று கேளுங்கள். இனிமேல், கூடுதல் வேலை எதுவாக இருந்தாலும் தொகையோடு மெசேஜில் வந்தால்தான் சரி என்பேன் என்று வண்டி விடும்போதே ஜாப் கார்டில் எழுதிவிடுங்கள்.

கழற்றின பழைய பார்ட்டைக் கேட்டா தரமாட்டேங்கிறாங்க. மாத்தவே இல்லையோ?

சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால் வாரண்டியில் மாற்றிய பார்ட் கம்பெனிக்குத் திரும்பப் போகும். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் போன்றவற்றில் பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கும் கணக்கும் உண்டு. கையில் தர முடியாவிட்டாலும் காட்ட முடியும். கேட்பதை வேலைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். முடிந்த பிறகு கேட்டால் அது குப்பைக்குப் போயிருக்கும்.

பில்லைக் கட்டாம வண்டியை எடுத்துட்டு வந்துடலாமா?

வேண்டாம். பல நாட்டுச் சட்டங்களில், செய்த வேலைக்குப் பணம் வரும்வரை வண்டியை வைத்துக்கொள்ளும் உரிமை ரிப்பேர் செய்தவருக்கு உண்டு. அதை மீறி எடுத்தால் தவறு உங்கள் பக்கம் வந்துவிடும். பணத்தைக் கட்டுங்கள், பில்லின் இரண்டு பிரதிகளிலும் "இன்ன வேலையில் தகராறு உள்ளது, ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதித் தேதி போடுங்கள். "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த வரி இருந்தால் அதை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

வெளி மெக்கானிக்கிட்ட ஒரு தடவை காட்டினா வாரண்டி போயிடுமா?

காட்டலாம், கழற்றத்தான் விடக்கூடாது. மேலே முதல் பதிலில் சொன்னது இதைத்தான். வெளியாள் ஒரு போல்ட்டைத் திருப்பினாலும், "நாங்க விட்டபடி இல்லை" என்று டீலர் சொல்ல வழி கிடைத்துவிடும். ஸ்கேன் செய்யட்டும், லிஃப்டில் ஏற்றிப் பார்க்கட்டும், போட்டோ எடுக்கட்டும். தான் கண்டதை லெட்டர்ஹெட்டில் தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். "டீலர்காரன் ஏமாத்திட்டான்" என்று அவர் வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை. "முன் இடது பிரேக் காலிப்பர் போல்ட் தளர்ந்துள்ளது" என்ற ஒரு வரிக்கு மதிப்பு உண்டு.

வாரண்டி முடிஞ்சு ரெண்டு வாரம்தான் ஆகுது. அதே பழுது. இனி அவ்வளவுதானா?

இல்லை. முதல் முறை அதே அறிகுறியைச் சொன்ன தேதி வாரண்டிக்குள் இருந்ததா பாருங்கள். இருந்தால், தீராத பழைய புகாரின் தொடர்ச்சி என்று வாதிடலாம். "சத்தம் வரவில்லை" என்று மூடிய ஜாப் கார்டின் நகலை வாங்கி வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

அப்புறம், ரிப்பேர் செய்த பார்ட்டுக்கும் வேலைக்கும் தனி வாரண்டி இருக்கும், பில்லின் பின்பக்கத்தைப் படியுங்கள். இவை இரண்டும் இல்லாவிட்டாலும் 'குட்வில்' என்று ஒன்று உண்டு. வாரண்டி முடிந்த பழுதுக்கும் கம்பெனி செலவில் ஒரு பங்கை ஏற்பது. சர்வீஸ் எல்லாம் நேரத்துக்குச் செய்த ரெக்கார்டு இருந்தால் கிடைக்க வாய்ப்பு அதிகம், ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். வண்டியின் வின் நம்பரை (எழுத்தும் எண்ணும் கலந்த 17 இலக்க அடையாள எண்) கொடுத்து, இந்தப் பழுதுக்கு ரீகால் (குறைபாட்டுக்காகக் கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைப்பது) அல்லது சர்வீஸ் புல்லட்டின் (தெரிந்த பழுது பற்றிக் கம்பெனி டீலருக்கு அனுப்பும் குறிப்பு) ஏதாவது வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். ரீகால் என்றால் அந்த வேலைக்குப் பொதுவாகப் பணம் கேட்க மாட்டார்கள்.

எழுத்துல புகார் கொடுக்கணும்னா எப்படி எழுதறது? வக்கீல் வேணுமா?

வேண்டாம். ஒரு பக்கம் போதும். இப்படி:

"என் வண்டி (பதிவு எண்) இன்ன தேதியில் இன்ன புகாருக்காக உங்களிடம் விடப்பட்டது. ஜாப் கார்டு எண், பில் எண் இவை. வண்டியைப் பெற்று 38 கிலோமீட்டரில் அதே புகார் மீண்டும் வந்தது. அதன் பிறகு இன்னின்ன தேதிகளில் இரண்டு முறை கொண்டுவந்தேன், தீரவில்லை. கட்டணம் இன்றி இதைச் சரிசெய்து தர வேண்டும், அல்லது இன்ன பில்லில் உள்ள லேபர் தொகையைத் திருப்பித் தர வேண்டும். பதிலை 14 நாட்களுக்குள் எழுத்தில் எதிர்பார்க்கிறேன்."

கோபம், பட்ட கஷ்டம், குழந்தைகளோடு ரோட்டில் நின்றது எல்லாம் உண்மைதான், எழுதத்தான் தோன்றும். ஆனால் மேனேஜர் தேடுவது தேதியையும் கோரிக்கையையும். அவை கண்ணில் படும்படி இருக்கட்டும்.

ஒரு ஸ்டார் ரிவியூ போட்டா உடனே கூப்பிடுவாங்களாமே?

கூப்பிடுவார்கள். ஆனால் கூப்பிடுபவரின் கவலை ரிவியூவை நீக்குவதில் இருக்கும், உங்கள் பிரேக்கில் இருக்காது. அதைவிட வலுவானது சர்வீஸ் முடிந்ததும் கம்பெனியிலிருந்து வரும் திருப்தி சர்வே. "பத்துக்குப் பத்து சொல்லுங்க சார்" என்று அட்வைசர் கெஞ்சுவது, அந்த மதிப்பெண் டீலரைப் பாதிக்கும் என்பதால்தான். அவர்மேல் இரக்கப்பட்டுப் பத்து சொல்லிவிட்டு அடுத்த வாரம் புகார் கொடுத்தால், நீங்கள் திருப்தி என்று சொன்ன பதிவை எடுத்து நீட்டுவார்கள். உள்ளதைச் சொல்லுங்கள்.

எல்லாப் படியும் ஏறிட்டேன். இனி கேஸ்தானா?

சிறு வழக்குகளுக்கு எளிய வழிகள் பல நாடுகளில் இருக்கின்றன. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம், காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள். நீங்களே வாதாடலாம். சிங்கப்பூரில் சிறு உரிமைகோரல் தீர்ப்பாயமும் மலேசியாவில் நுகர்வோர் உரிமைகோரல் தீர்ப்பாயமும் வக்கீல் இல்லாமலே நடக்கின்றன. பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்கிறது. இல்லையென்றால் மறுபடி செய்துதரக் கேட்கலாம், அது நடக்காவிட்டால் விலைக் குறைப்பு.

எங்கே போனாலும் கேட்கப்போவது ஜாப் கார்டு, பில், மெசேஜ், வெளி மெக்கானிக்கின் அறிக்கை. இவை இல்லாமல் போகாதீர்கள்.

தப்பை ஒத்துக்கிட்டாங்க. பணமா தரமாட்டாங்களாம், அடுத்த ரெண்டு சர்வீஸ் இலவசம்ங்கிறாங்க. ஒத்துக்கலாமா?

பழுது இன்னும் தீரவில்லை என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தீர்ந்துவிட்டது, அலைச்சலுக்கு ஈடாகத் தருகிறார்கள் என்றால், உங்களுக்கு அந்த இடத்துக்குத் திரும்பப் போக மனம் இருக்கிறதா என்று பாருங்கள். மனம் இல்லாதவருக்கு இலவச சர்வீஸால் பயனில்லை, குறைந்த தொகையானாலும் பணமாகக் கேட்கலாம்.

எதை ஏற்றாலும் எழுத்தில் வாங்குங்கள். எந்த வேலைகள் இலவசம், பார்ட்டும் சேர்த்தா லேபர் மட்டுமா, எந்தத் தேதிவரை, கையெழுத்துப் போட்டவர் யார். இன்றைய மேனேஜர் ஆறு மாதத்தில் மாறிவிடலாம். அவர்கள் நீட்டும் தாளில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருந்தால், அதற்குப் பக்கத்தில் "இந்தப் பழுது மீண்டும் வந்தால் இது பொருந்தாது" என்று சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மறுத்தால் கையெழுத்துப் போடாமல் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வாருங்கள்.